குழல் நீண்டால் குறி நீளுமா?

திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா காலத்து வேட்டை ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். குழல் மட்டுமே 28 அங்குலம். தோளில் ஏற்றினால் முனை தானாகக் கீழே தாழ்கிறது என்கிறார். இந்த வருஷம் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப் பன்றிகள் உழுது போட்டுவிட்டன. ஆகவே அன்பருக்கு மூன்று சந்தேகங்கள்.

நீளமான குழலுக்குத்தான் பலம் அதிகம் என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையா? எங்கள் மலைப் பக்கத்துக்கு எந்த நீளம் பொருத்தம்? நாலு அங்குலத்தை அறுத்துவிட்டால் கைக்கு அடக்கமாக இருக்குமே, அறுக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. அன்பர் இதைப் படிக்கும் நேரத்தில் கையில் அறுப்பு வாளை எடுத்திருந்தால், தயவு செய்து கீழே வைத்துவிடட்டும். ஏன் கூடாது என்பதைப் பிறகு பார்ப்போம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அறுக்கும் ஆசையே பாதி போய்விடும்.

திருத்தணிக்காரர் வேட்டையைப் பற்றிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. தணிகை முருகனே வேடர் வீட்டு மாப்பிள்ளை அல்லவா? வள்ளியைத் தேடிப் போனபோது வேடன் வேஷம் போட்டுக் கொண்டு போனவர் ஆயிற்றே! இன்னும் வடக்கே போனால் காளஹஸ்தி. அங்கே வேடர் குலத்துக் கண்ணப்பர். வில்லும் வேலும் இருந்த அந்தக் காலத்திலேயே, எந்தக் கைக்கு எந்த நீளம் என்ற கேள்வியும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

ஊதுகுழல் கணக்கு

சிறு பிள்ளைகள் மூங்கில் குழலில் ஒரு கொட்டையை வைத்து ஊதி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழல் மிகவும் குட்டையாக இருந்தால் கொட்டை பக்கத்திலேயே விழும். கொஞ்சம் நீளமாக இருந்தால் மூச்சு அதைக் கூடுதல் நேரம் தள்ளும், தூரமும் கூடும். சரி, பத்து அடிக் குழலாக இருந்தால்? பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். மீதித் தூரமெல்லாம் கொட்டை குழலோடு உராய்ந்து வேகத்தை இழக்கும்.

ரைபிள் விஷயமும் இதேதான். விசையை இழுத்ததும் தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுதான் மூச்சு. குண்டு குழலை விட்டு வெளியேறும் வரையில் அது தள்ளிக் கொண்டே இருக்கும். ஆனால் அழுத்தம் உச்சத்தில் இருப்பது முதல் சில அங்குலங்களில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு அங்குலமும் கொடுக்கும் லாபம் முந்தைய அங்குலத்தைவிடக் குறைவு.

எவ்வளவு மருந்து, எவ்வளவு பெரிய துவாரம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். புள்ளி 22 என்கிற சிறிய ரைபிளில் மருந்து கொஞ்சம்தான். ஏறக்குறைய 16 அங்குலத்துக்குள்ளேயே குண்டு தன் வேகத்தை அடைந்துவிடும். அதற்கு மேல் குழலை நீட்டினால் பிரயோஜனம் இல்லை; சில சமயம் வேகம் குறைந்தும் போகும். மருந்து அதிகமாகவும் துவாரம் சிறிதாகவும் உள்ள வேக ரைபிளுக்கோ நீளக் குழல் உதவும்.

அப்படியானால் "நீளம்தான் பலம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கருமருந்துக் காலத்திலிருந்து வந்தது. கருமருந்தில் உந்தும் சக்தி குறைவு. அதை முழுவதும் உபயோகிக்க நீண்ட குழல் வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் நம் நாட்டில் தூக்கித் திரிந்த 'இந்தியா மாதிரி' மஸ்கெட்டின் குழல் 39 அங்குலம். அதற்கு முந்தைய இங்கிலீஷ் மஸ்கெட்டின் குழலோ 46 அங்குலம்! வாசற்படியில் நுழைவதற்கே குனிய வேண்டும்.

1880-களில் பிரான்ஸில் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் உள்ள தொழிற்சாலை, அந்த இனத்தைச் சேர்ந்த கார்டைட் என்ற மருந்தைச் செய்வதற்காகவே ஏற்பட்டது. மருந்து மாறியதும் குழல் குட்டையாகத் தொடங்கியது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் நீள லீ-என்பீல்டு ரைபிளுக்குக் குழல் சுமார் 30 அங்குலம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அதையே சுமார் 25 அங்குலமாகக் குறைத்தார்கள். காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே ரைபிள் போதும் என்று ஆயிற்று. இரண்டு மகாயுத்தங்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கியது இதைத்தான்.

பிறகு 1944-ல் காட்டுச் சண்டைக்கென்று 'ஜங்கிள் கார்பைன்' வந்தது. குழல் 19 அங்குலம் கூட இல்லை. மலேயாக் காடுகளில் அதைத் தூக்கிக் கொண்டு நடப்பது சுலபம்தான். ஆனால் சுட்டவர்கள் தோளைத் தடவிக் கொண்டார்கள்! உதை பலமாக இருந்தது. எரிந்து முடியாத மருந்து குழல் வாயில் தீயாகச் சீறியது. அந்தத் தீயை மறைக்க முனையில் புனல் போன்ற ஒரு மூடியே வைக்க வேண்டியிருந்தது. குட்டைக் குழலுக்கு இப்படி ஒரு விலை உண்டு.

நாலு அங்குலத்தின் விலை

இனி அன்பர் அறுக்க நினைக்கும் நாலு அங்குலத்தைக் கணக்குப் பார்ப்போம். சாதாரணமான பெரிய வேட்டை ரைபிளில் ஒரு அங்குலம் குறைந்தால் குண்டின் வேகம் வினாடிக்கு சுமார் 25 அடி குறையும் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாலு அங்குலத்துக்கு 100 அடி. 2,800 அடியாக இருந்த வேகம் 2,700 அடியாகிறது. குண்டின் சக்தியில் நூற்றுக்கு ஏழு பங்கு போயிற்று.

கேட்கும்போது பெரிதாகத் தோன்றுகிறது. நூறு கஜ தூரத்தில் இதனால் என்ன வித்தியாசம்? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். வேகமான குண்டு அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் 2.2 அங்குலம் தாழ்கிறது. மெதுவான குண்டு 2.4 அங்குலம் தாழ்கிறது. ஒரு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்குதான் வித்தியாசம்! எந்த மானும் அதைக் கவனிக்காது.

அப்படியானால் குட்டைதான் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறி பார்ப்பதில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. தொலைநோக்கி இல்லாத ரைபிளில் பின்னால் ஒரு பள்ளம், முனையில் ஒரு முள். இரண்டையும் ஒரே நேரில் கொண்டு வந்து சுடுகிறோம். கண்ணோ கையோ ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பிசகிற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே 24 அங்குலம் இருந்தால் நூறு கஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் விலகும். இடைவெளி 20 அங்குலமானால் 1.8 அங்குலம் விலகும். நீளக் குழலால் குறி நன்றாக விழுகிறது என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். அந்த லாபம் குண்டைச் சேர்ந்ததல்ல, கண்ணைச் சேர்ந்தது. ரைபிளின் மேல் தொலைநோக்கியைப் பொருத்திவிட்டால் இந்த லாபமும் இல்லை.

குழல் நீண்டால் குறி தானாக நேராகிவிடும் என்று நினைப்பதும் தவறு. சுடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல் அதிர்கிறது. மெல்லிய நீளக் குழல் அதிகம் அதிரும். குட்டையான கனத்த குழல் விறைப்பாக நிற்கும். குறியைத் தீர்மானிப்பது நீளத்தைவிடக் குழலின் கனமும், உள்ளே வெட்டிய புரிகளின் சுத்தமும், வாயின் விளிம்பும்தான். அந்த விளிம்பைப் பற்றிப் பின்னால் பேசப் போகிறோம். ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

இடத்துக்கு ஏற்ற நீளம்

பழைய வேட்டைக்காரர்கள் ரைபிளைத் தேர்ந்தெடுத்தது நிலத்தைப் பார்த்துத்தான். புல்வாய் மான் மேய்ந்த திறந்த வெளியிலும், ஒரு மலைச் சரிவிலிருந்து எதிர்ச் சரிவைப் பார்த்துச் சுடும் இமயமலைப் பக்கத்திலும் தூரம் அதிகம், வேகம் வேண்டும். அங்கே 26 அங்குலக் குழல் பொருத்தமாக இருந்தது. பொதுவான வேட்டைக்கு 22 முதல் 24. முட்புதரும் மூங்கிலும் அடர்ந்த காட்டில் 20-ஐ ஒட்டி இருந்தாலும் குறைவில்லை.

திருத்தணியிலிருந்து நகரி மலையைப் பாருங்கள். அங்கிருந்து சேஷாசலக் காடுகள் வரை பெரும்பாலும் பாறையும் முள்ளும் புதரும்தான். பல இடங்களில் நாற்பது கஜத்துக்கு அப்பால் கண் எட்டாது. இந்தக் காட்டில் நீண்ட குழல் கிளைதோறும் மாட்டிக் கொள்ளும். மாட்டினால் சத்தம். சத்தம் கேட்டால் விலங்கு போய்விட்டது. போகாவிட்டால் அதைவிட ஆபத்து!

இந்தப் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன். சித்தூர் ஜில்லாவின் சாமலா பள்ளத்தாக்கில் நடமாடிய ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். திருத்தணி வழியாகப் போகும் ரயில் பாதையில் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் வருகிற மாமண்டூரும் அவர் எழுத்தில் இடம் பெற்ற ஊர். அவர் கையில் இருந்தது புள்ளி 405 வின்செஸ்டர் ரைபிள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் அதே ஜாதிதான். அதன் வழக்கமான குழல் நீளம் 24 அங்குலம்.

ஆண்டர்சன் பல இரவுகளில் ரைபிளோடு டார்ச் விளக்கைப் பொருத்திக் கொண்டு, சில கஜ தூரத்தில் புலியை எதிர்கொண்டார். அந்தத் தூரத்தில் 24-க்குப் பதில் 22 இருந்தாலும் 26 இருந்தாலும் புலிக்கு ஒன்றுதான். ஆண்டர்சனுக்குத்தான் வித்தியாசம். ரைபிள் தோளுக்கு வரும் வேகம், கனம் எந்தப் பக்கம் சாய்கிறது, விரல் விசையைத் தானாகத் தேடிப் போகிறதா, இவைதான் அங்கே உயிரைக் காத்தன.

இதற்குப் பழைய ஷிகாரிகள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக் கொள். கண்ணை மூடிக் கொண்டு ரைபிளைத் தோளுக்குக் கொண்டு வா. பிறகு கண்ணைத் திற. முன் முள்ளும் பின் பள்ளமும் கண்ணுக்கு நேராக நின்றால் அது உன் ரைபிள். முனை தாழ்ந்திருந்தால் குழல் உனக்கு நீளம் அல்லது கனம். துள்ளி மேலே போனால் மிகவும் இலேசு. சட்டை தைக்கும்போது அளவெடுப்பதில்லையா? அது போலத்தான் இதுவும். தாத்தாவின் சட்டை பேரனுக்குத் தொளதொளவென்று இருந்தால் தாத்தாவின் மேல் குற்றம் இல்லை.

தப்பிய குண்டு

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பட்டால் பட்டது, படாவிட்டால் போகிறது" என்று நீங்கள் சொல்லலாம். படாமல் போகிற குண்டினால் பாதகம் இல்லை. அரைகுறையாகப் படுகிற குண்டுதான் பாதகம்.

குமாவுன் மலையில் சம்பாவத் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் புலி இருந்தது. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தும் வரையில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றைக்கோ யாரோ சுட்ட குண்டினால் வந்த காயம் அது என்றும், அதனால்தான் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது என்றும் எழுதினார். சுட்டவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அந்த ஒரு குண்டுக்கு விலை கொடுத்தவர்கள் விறகு பொறுக்கவும் தழை வெட்டவும் போன பெண்கள்.

ஆகவேதான் நல்ல வேட்டைக்காரர்கள் ரைபிளின் நீளத்தைப் பற்றி யோசித்தார்கள். எந்த நீளம் தன் கையில் நிலையாக நிற்கிறதோ, எந்த நீளத்தோடு விலங்கின் அருகில் சத்தமில்லாமல் போக முடிகிறதோ, அதுதான் சரியான நீளம். சுவரில் மாட்டி வைத்துப் பெருமைப்படுவதற்கு வேண்டுமானால் நாலு அடிக் குழல் இருக்கட்டும்.

அறுப்பு வாள் ஏன் கூடாது?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். முதல் காரணம், வேலை கெட்டுப் போகும். குழலின் வாய் விளிம்பைச் சொன்னேன் அல்லவா? குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் வாயு நாலா பக்கமும் சமமாகப் பிரிய வேண்டும். விளிம்பில் மயிரிழை கோணல் இருந்தாலும் வாயு ஒரு பக்கமாகக் குண்டைத் தள்ளிவிடும். கொல்லன் பட்டறையில் அறுத்து அரம் போட்டால் அந்த விளிம்பு போயிற்று. முன் முள்ளும் அறுத்த துண்டோடு போய்விடும். மிஞ்சுவது ரைபிள் அல்ல, குறியில்லாத இரும்புக் குழாய். அதனால் சுட்டால் பன்றி சாகாது, காயம் படும். காயம் பட்ட பன்றி யார் மேல் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் சட்டம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவின்படி, அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறைப்பது குற்றம். அபராதத்தோடு போகிற குற்றம் அல்ல. சிறைத் தண்டனை உண்டு. "என் துப்பாக்கி, என் அறுப்பு வாள்" என்கிற வாதம் செல்லாது.

மூன்றாவதாக, வேட்டையே இப்போது கிடையாது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தம் வேட்டை லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டது. பன்றித் தொல்லை வாஸ்தவம்தான். பயிரை இழந்தவர் வயிறு எரிவதும் நியாயம். அதற்காக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக் காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் கொண்டு போய்க் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத் துறையினரின் வேலை. கொல்லைக்காரர் செய்ய வேண்டியது வனத் துறைக்கு மனு எழுதுவது. பேனாவின் குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சட்டம் கேட்காது!

கடைசியாக ஒரு விஷயம். அன்பர் இதைக் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தாத்தா அதற்கு முன்பே லைசென்ஸ் வாங்கியிருந்தால், அது சித்தூரில் கொடுத்த காகிதமாக இருக்கும். சித்தூரோ சென்னையோ, லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதல்ல. நிலமும் நகையும் பேரனுக்கு வருவது போல் லைசென்ஸ் தானாக வராது. வாரிசு தன் பேரில் மனுச் செய்து வாங்க வேண்டும். அதுவரையில் துப்பாக்கியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, அதற்கு லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து வருஷம்.

ஆகவே, இது போன்ற பழைய ரைபிள் பரணில் உள்ள நேயர்களே, அளவு நாடாவைத் தேடாதீர்கள். முதலில் அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, தேதி எப்போது முடிந்தது என்று பாருங்கள். தேதி முடிந்திருந்தால், குழல் இருபத்தெட்டு அங்குலமானாலும் இருபது அங்குலமானாலும் அது உங்கள் வீட்டில் இருக்க வேண்டிய சாமான் அல்ல. நாளைக் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் விவரத்தைச் சொல்லி, எப்படிக் கொண்டு வந்து ஒப்படைப்பது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.